அம்மாக்கண்ணு வைக்காத கைநாட்டு

1981ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, நனைந்த சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்தபடி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் வாசலுக்கு வந்தாள் அம்மாக்கண்ணு. உள்ளே கால் வைப்பதற்குள் மகள் பவளம் கேட்டாள்.

"அம்மா, ஒனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுந்தானே?"

அம்மாக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் அவள். அதற்குமேல் வீட்டில் விடவில்லை. பதிமூன்று வயதில், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டில் பெயர் கொடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து இருபத்தேழு வருடங்களாகத் தேயிலை மேட்டில்தான் வேலை. ஆனாலும் சம்பள நாளில் மற்றப் பெண்கள் கட்டைவிரலை மையில் அமுக்கும்போது, இவள் மட்டும் பேனாவை வாங்கி நிதானமாக 'இ. அம்மாக்கண்ணு' என்று எழுதுவாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் அவசரப்படமாட்டாள்.

"என்னடி கேள்வி இது?"

"அப்பறம் ஸ்கூல் பேப்பர்ல ஏன் கைநாட்டு வெச்சே?"

"எந்தப் பேப்பர்லடி?"

பவளம் முதலிலிருந்து சொன்னாள். அவள் டவுன் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கிறாள். பள்ளியைப் பார்வையிட மேலிடத்து அதிகாரிகள் வரப்போகிறார்கள். அதற்கு முன்னால், பள்ளியைப் பற்றிப் பெற்றோரும் மாணவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பத்துக் கேள்விகள், எல்லாம் மலாயில். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள். திருப்தி, சுமார், திருப்தியில்லை. வேண்டியதில் கோடு போட வேண்டும். தோட்டத்துப் பெற்றோருக்கான தாள்களைப் பள்ளி தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பியது. போன வேகத்தில் அவை திரும்பியும் வந்துவிட்டன. அவற்றை வகுப்பு வாரியாக அடுக்கும் வேலை பவளத்துக்குக் கிடைத்தது.

"நம்ம தோட்டத்துத் தாளு முப்பத்தொண்ணும்மா. எல்லாத்துலயும் ஒரே நீல மை. எல்லாத்துலயும் புஆஸ் ஹாத்தி, புஆஸ் ஹாத்தின்னு அந்த முதக் கட்டத்துலயே கோடு. அடியில எல்லாத்துலயும் கைநாட்டு. ஒன் பேருக்கு நேராவும் கைநாட்டுத்தான்."

"அப்படின்னா?"

"திருப்தின்னு அர்த்தம். ஸ்கூலு ரொம்ப நல்லா நடக்குது, ஒரு கொறையும் இல்லன்னு நீ சொன்னதா அர்த்தம்."

அம்மாக்கண்ணு கூடையைச் சுவரோரமாக விட்டெறிந்தாள். அது உருண்டு போய் அடுப்படியில் நின்றது.

"நீங்க என்ன எழுதினீங்க? புள்ளைங்களுக்கும் தாளு குடுத்தாங்கல்ல?"

பவளம் தலையைக் குனிந்துகொண்டாள். "டீச்சரு பதிலக் கரும்பலகையில எழுதிப் போட்டுட்டாங்க. பாத்து எழுதச் சொன்னாங்க. எல்லாரும் எழுதினோம்."

"கணக்கு வாத்தியாரு இல்லன்னு எழுதலையா?"

"இல்ல."

பவளம் படிப்பது 3E. மார்க்கு வாரியாகப் பிரித்த ஐந்து வகுப்புகளில் அதுதான் கடைசி வகுப்பு. தோட்டத்துப் பிள்ளைகளும் காய்கறிக் கொல்லைகளில் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளுமாக முப்பத்து நான்கு பேர். கணக்கு ஆசிரியை மார்ச் மாதம் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. கணக்குப் பாட வேளையில் வகுப்பையே வெளியே கூட்டிக்கொண்டு போய் மண்வெட்டியையும் வாளியையும் கொடுத்தார்கள். மாவட்ட அளவில் அழகான பள்ளி எது என்று ஒரு போட்டி நடந்தது. அதற்காக வாசலில் ஜெரேனியம் பாத்திகள் போட்டிருந்தார்கள். களை பிடுங்குவதும் சாக்கடை வாருவதும் 3E வேலை. பரீட்சை அக்டோபரில். அதில் தேறாவிட்டால் படிப்பு அத்தோடு சரி.

இதையெல்லாம் பவளம் ஒரு மாதம் முன்னால்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அன்றைக்கே அம்மாக்கண்ணு அவளை மறுபடி மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டாள். காரணம் மூத்தவன் கந்தன்.

கந்தனும் அதே பள்ளியில், அதே கடைசி வகுப்பில்தான் படித்தான். நாலு வருடம் முன்னால் மூன்றாம் படிவப் பரீட்சையில் தோற்றுப்போனான். கணக்கில் முட்டை. "வாத்தியாரே வரலம்மா" என்று அவன் சொன்னபோது அம்மாக்கண்ணு நம்பவில்லை. தோற்றுவிட்டு வாத்தியார் மேல் பழி போடுகிறானே என்று விளக்குமாற்றை எடுத்து, அது பிய்ந்து போகும்வரை அடித்தாள். அடுத்த மாதமே அவன் கோலா தெர்லாவுக்குப் போய்விட்டான். அங்கே காய்கறிக் கொல்லையில் கோபீஸ் என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகளை லோரியில் ஏற்றும் வேலை. இருபது வயதில் முதுகு கூன் விழத் தொடங்கியிருந்தது.

பவளம் சொன்ன அந்த வாரம் கந்தன் லயத்துக்கு வந்திருந்தான். சோறு போட்டுக்கொண்டே அம்மாக்கண்ணு கேட்டாள்.

"ஒங்க வகுப்புக்கும் வாத்தியாரு வரலையாடா?"

"அதத்தானே அப்பவே சொன்னேன். நீதான் வெளக்குமாத்த எடுத்துட்டே" என்று சொல்லிச் சிரித்தான் கந்தன். அவன் சிரித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ரசம் எடுத்து வருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனவள், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் நல்லா இருக்கிறது என்று அவள் பேரில் ஒருத்தன் கைநாட்டு வைத்திருக்கிறான்.

மறுநாள் காலை பிரட்டு முடிந்ததும் அவள் மேட்டுக்கு ஏறவில்லை. கூடையோடு நேரே ஆபீசுக்குப் போனாள். தோட்டத்துக் கணக்கரான கிராணி ராதாகிருஷ்ணன் மேசை முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஸ்கூல் தாள்ல எம் பேருக்கு யாரு கைநாட்டு வெச்சது?"

அவர் கோப்பையை வைத்தார். "அதுவா. மத்தியானம் வந்த தாளு, மறுநாள் காலையில திருப்பிக் குடுக்கணும்னு சொன்னாங்க. நீங்கள்லாம் மேட்டுல நிக்கிறீங்க. யாரப் போயித் தேடுறது? நாந்தான் போட்டுக் குடுத்தேன். நல்லதாத்தானே போட்டிருக்கேன்லா?"

அம்மாக்கண்ணு அவர் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகக்கண்ணில் ஊதா மை இன்னும் போகாமல் ஒட்டியிருந்தது.

"முப்பத்தொரு பேருக்கும் ஒங்க வெரலுதானா?"

"இந்தா, கொரல ஒசத்தாதே. உள்ள தொர இருக்காரு."

"தொரைக்கும் கேக்கட்டும். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு மாசா மாசம் பாக்குறீங்கள்ல? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? ஒங்க மகன் எங்கய்யா படிக்கிறான்?"

கிராணி கோப்பையை மறுபடி எடுத்தார். அவர் மகன் ஈப்போ நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிப்பது தோட்டத்துக்கே தெரியும்.

"ஒங்க புள்ளைக்கு ஈப்போ. எங்க புள்ளைக்குப் புஆஸ் ஹாத்தியா?"

"வேலைக்குப் போறியா, இல்ல பேர வெட்டவா?" என்றார் அவர்.

போனாள். ஆனால் அன்றைக்கு அவளுடைய தேயிலை வெட்டும் கத்தரி செடியைக் கொழுந்தோடு தண்டோடு வெட்டித் தள்ளியது. கங்காணி இரண்டு முறை சத்தம் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட கணவன் இருளப்பன் பயந்துபோனான். அவன் தேயிலை பக்டரியில் கொழுந்து உலர்த்தும் இடத்தில் வேலை பார்ப்பவன். அதிர்ந்து பேசாத ஆள்.

"ஏ புள்ள, நமக்கு எதுக்கு இந்த வம்பு? நாளைக்கு ஸ்கூல்ல புள்ளைய ஏதாச்சும் பண்ணிட்டா?"

"இதுக்கு மேல என்ன பண்ணிடுவாங்க? கந்தன என்ன பண்ணாங்கன்னு பாத்தீங்கள்ல?" என்றாள் அம்மாக்கண்ணு. இருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அடுத்த வாரம் சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம். அதற்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. கிராணி கேட்காமல் விட்டதைத் தானே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். வேலை முடிந்து வந்ததும் பவளத்தைக் கூட்டிக்கொண்டு, எழுதிக்கொள்ள ஒரு பயிற்சிப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறினாள்.

எல்லாரும் அவளைப் போல் கொதிக்கவில்லை. அதுவே அவள் கோபத்தைக் கூட்டியது. முனியாண்டி பாயில் படுத்தபடியே, "உடுப்புப் போட்டுக்கிட்டுப் போறானுங்க, வர்றானுங்க. நம்மள மாதிரி மழையில நனையலையே. அது போதும்லா" என்றார். இன்னொரு வீட்டில், "மலாய் பேசக் கத்துக்கிட்டான், பேங்குக்குப் போனா அவன்தான் பேசுறான்" என்று பெருமையாகச் சொன்னார்கள். பவளம் எல்லாவற்றையும் எழுதினாள். "நல்லதச் சொன்னாலும் எழுதுடி. அவங்கள மாதிரி நாமளும் ஒரே பக்கமா எழுதக் கூடாது" என்று அம்மாக்கண்ணு சொல்லியிருந்தாள்.

பக்கத்து லயத்துக் காளியம்மா வீட்டில் கதை வேறாக இருந்தது. அவள் மகள் நாகரத்தினமும் 3E.

"அக்கா, பொம்பளப் புள்ளைங்க கக்கூசுல கதவே இல்லையாம். எம் மக காலையில ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமப் போறா. ரெண்டு மணிக்கு வந்து கொல்லப்பக்கம் ஓடுறா. வயசுக்கு வந்த புள்ள. இத யாருகிட்டப் போயிச் சொல்றது?"

"எல்லாரு முன்னாலயும் சொல்லுவோம். நீ எங்கூட வா."

பிள்ளைகளையும் கேட்டாள். பந்து விளையாட்டு பிடிக்கும் என்றான் ஒருவன். புத்தக அறை பிடிக்கும், ஆனால் 3E உள்ளே போகக் கூடாது என்றாள் ஒருத்தி. எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், 'எஸ்டேட்' என்றுதான் கூப்பிடுவார்கள் என்றாள் இன்னொருத்தி. எங்கள் வகுப்புக்குத் தவறாமல் வருகிற ஒரே ஆள் பள்ளித் தோட்டக்காரர்தான் என்று நாகரத்தினம் சொன்னபோது மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை.

பக்கத்து ஊரான திரிங்காப்பில் சொந்தமாகக் காய்கறி போடும் பக்கிரிசாமி உரம் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அவரையும் நிறுத்திக் கேட்டாள். அவர் மகள் 3A, மூன்றாம் படிவத்தின் முதல் வகுப்பு.

"நல்ல ஸ்கூலும்மா. நான் பொய் சொல்லக் கூடாது. சயின்ஸ் ரூம் இருக்கு. ரெண்டு கணக்கு வாத்தியாருங்க. ஒருத்தரு சாயங்காலமும் உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுக்குறாரு."

"ரெண்டு பேரா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"ஆமா. ஏன்?"

வாத்தியாரே கிடைக்காத பள்ளிக்கூடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

கூட்டத்துக்குப் பக்கிரிசாமியின் லோரியிலேயே அம்மாக்கண்ணு, காளியம்மாவோடு சேர்த்து ஐந்து பெண்கள் போனார்கள். இருளப்பனுக்கு அன்று பக்டரியில் முறை இருந்தது. போகும்போது, "பாத்துப் பேசு" என்று மட்டும் சொன்னான். பள்ளி வாசலில் ஜெரேனியம் பூத்துக் குலுங்கியது. ஒரு களை இல்லை. காளியம்மா அந்தப் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாக்கண்ணு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

மண்டபத்தில் டவுன் கடைக்காரர்கள், அரசாங்க வேலைக்காரர்கள், கொல்லை முதலாளிகள் என்று நூறு பேருக்கு மேல். 3E பிள்ளைகள் ஓரமாகத் தேநீர்த் தட்டுகளுடன் நின்றார்கள். அவர்களில் பவளமும் இருந்தாள். பள்ளி முதல்வர் ஒல்லியான மனிதர். கடலோர ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர், இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். இருமிக்கொண்டே அறிக்கை வாசித்தார். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பெற்றோருக்குப் பள்ளியின் மேல் திருப்தி என்றார். கை தட்டினார்கள்.

கை தட்டல் ஓய்வதற்குள் அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள்.

"நான் பேசணும்" என்றாள், தமிழில்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. முதல்வர் சரித்திர ஆசிரியர் சிவசாமியை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார். சிவசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சுருக்கமாச் சொல்லுங்கம்மா" என்றார்.

"நான் தேயிலத் தோட்டத்துலேருந்து வர்றேன். எம் பேரு அம்மாக்கண்ணு. எனக்குத் திருப்தின்னு இவங்க கையில ஒரு தாளு இருக்கு. அதுல இருக்குற கைநாட்டு என்னோடது இல்ல. எங்க தோட்டத்துல முப்பத்தொரு பேரையும் கேக்காமலே வெச்ச கைநாட்டு அது. 3E-க்கு மார்ச் மாசத்துலேருந்து கணக்குப் பாடம் கெடையாது. எங்க புள்ளைங்க வாசல்ல புல்லுப் புடுங்குறாங்க. புல்லுப் புடுங்குறதுக்கு எம் மக இவ்வளவு தூரம் லோரி ஏறி வர வேணாம் சார். அந்த வேல தோட்டத்துலயே இருக்கு. பொம்பளப் புள்ளைங்க கக்கூசுக்குக் கதவு இல்ல. இதுக்கெல்லாம் நாங்க திருப்தின்னு எந்த வாயால சொல்லுவோம்?"

சிவசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மலாயில் சொன்னார். தோட்டத்துப் பெற்றோர் பள்ளிக்கு நன்றி சொல்கிறார்கள், முடிந்தால் ஒரு கணக்கு ஆசிரியரை ஏற்பாடு செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறார்கள். முதல்வர் புன்னகையுடன் தலையாட்டினார்.

ஓரத்தில் ஒரு தட்டு மேசை மேல் 'டக்'கென்று வைக்கப்பட்டது.

"புக்கான், சிக்கு" என்றாள் பவளம். அப்படி இல்லை சார் என்று அர்த்தம். "அம்மா அப்படிச் சொல்லல."

மேசையைச் சுற்றி முன்னால் வந்தாள். அம்மா சொன்னதை ஒவ்வொன்றாக மலாயில் சொன்னாள். பிறகு அம்மா கையிலிருந்த பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் பிரித்து, எட்டு நாள் எழுதியதையும் வாசித்தாள். முனியாண்டி சொன்ன நல்ல வார்த்தையையும் விடவில்லை. கதவில்லாத கக்கூசைப் பற்றிக் காளியம்மா சொன்னதையும் வாசித்தாள்.

முதல்வரின் புன்னகை போய்விட்டது. கோபப்படாமல்தான் பதில் சொன்னார். கல்வி இலாகாவுக்கு நாலு கடிதம் எழுதியாகிவிட்டது, இந்தக் குளிருக்கு ஒருவரும் வர ஒப்புவதில்லை, நான் என்ன செய்யட்டும் என்றார். பவளம் அம்மாவுக்குச் சொன்னாள்.

"வர ஒப்பாதவங்க ரெண்டு பேரு 3A-க்கு மட்டும் எப்படி வந்தாங்கன்னு கேளுடி."

பவளம் கேட்டாள். முதல்வர் அறிக்கைத் தாளைப் புரட்டினார். முன் வரிசையில் ஒரு கடைக்காரர் எழுந்து, பரீட்சை நெருங்கும் நேரத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் வாத்தியாரைப் பிடுங்கி அங்கே போட்டால் நாங்கள் சும்மா இருக்கமாட்டோம் என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். மகள் மொழிபெயர்த்துச் சொல்வதற்கு முன்பே அம்மாக்கண்ணுவுக்கு அது புரிந்துவிட்டது.

"நல்லாப் படிக்கிற புள்ளைங்களாம்! சொல்லிக் குடுத்தாத்தானேய்யா படிக்கிறானா இல்லையான்னு தெரியும்? எம் மவன் முதுகுல இன்னிக்கி ஒங்க கடைக்கு வர்ற கோபீஸ் மூட்ட இருக்கு. அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான் அவன அடிச்சேன். வாத்தியாரு இல்லாததுக்கு எம் புள்ளைய அடிச்சேன்!"

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. மற்ற நாலு பெண்களும் எழுந்து அவளோடு நின்றார்கள். கூட்டம் முடியும்வரை ஐவரும் நின்றபடியே இருந்தார்கள்.

திங்கட்கிழமை சிவசாமி பவளத்தைத் தனியே கூப்பிட்டு, தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று திட்டினார். தோட்டத்திலும் கிராணி சும்மா இருக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் அம்மாக்கண்ணுவின் பெயர் எட்டாம் நம்பர் மேட்டுக்கே விழுந்தது. அங்கே சரிவில் கால் நிற்காது, லோரியும் வராது. கூடையைச் சுமந்துகொண்டு கீழே இறங்க அரை மணி ஆகும். அவள் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை.

ஆனால் ஆகஸ்ட் முதல் வாரம் 3E-க்குக் கணக்கு வாத்தியார் வந்தார். 3A-க்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர்தான். வாரத்துக்கு நாலு பாட வேளை. களை பிடுங்குவது நின்றது. அதிகாரிகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கக்கூசுகளுக்குக் கதவு போட்டார்கள், பச்சைப் பெயிண்ட்டு காய்வதற்கு முன்பே. பரீட்சைக்கு இருந்தது இரண்டு மாதம்தான்.

முடிவு வந்தபோது முப்பத்து நான்கு பேரில் ஏழு பேர் தேறியிருந்தார்கள். போன வருடம் இரண்டு பேர். பவளம் தேறிவிட்டாள். காளியம்மாவின் நாகரத்தினம் கணக்கில் விழுந்துவிட்டாள்.

பிரட்டில் வைத்துக் காளியம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஒம் மவளுக்காகத்தானே என்னக் கூட்டிட்டுப் போனே? எம் மானத்தையும் மண்டபத்துல வாசிக்க வெச்சே. எம் புள்ளைக்கு என்ன கெடச்சது?"

அம்மாக்கண்ணு தலையைக் குனிந்தபடி கூடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஜனவரியில் நாகரத்தினத்துக்கும் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள். கங்காணி அவளை அம்மாக்கண்ணுவின் பக்கத்து நிரையில் நிறுத்தினார். கத்தரி பிடிக்கத் தெரியாமல் அந்தப் பெண்ணின் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஐந்து மாதம் வாத்தியார் இல்லாமல் போனதற்கு இந்தக் கை என்ன செய்யும் என்று அம்மாக்கண்ணு தினமும் பொருமினாள். தன் மகள் தேறிய சந்தோஷத்தை வெளியில் காட்டவே இல்லை. இனிப்புக் கொடுக்கலாம் என்று இருளப்பன் சொன்னபோது, "பேசாம இருங்க" என்று எரிந்து விழுந்தாள்.

காளியம்மா ஒரு வருடத்துக்கு மேல் அவளோடு பேசவில்லை. 1983 ஜனவரியில் ஒரு காலை, மழை தூறிக்கொண்டிருக்கும்போது வந்து வாசலில் நின்றாள். அவள் மகன் ஆண்டியப்பனை டவுன் பள்ளியில் கடைசி வகுப்பில் போட்டிருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவனாக வந்தவன் அவன்.

"எனக்கு அங்க போயிப் பேசத் தெரியாதுக்கா" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

அம்மாக்கண்ணு கத்தரியைக் கீழே வைத்தாள். நான்காம் படிவத்துக்குப் பிறகு ஐந்தாம் படிவத்துக்கு ஏறியிருந்த பவளத்தை எழுப்பி, பையனின் மார்க்குத் தாளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். காளியம்மாவோடு மூன்று பேரும் டவுனுக்குப் போனார்கள். பள்ளி ஆபீசில் நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுநாளும் போனார்கள். முதல்வர் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். மூன்றாம் நாள் அம்மாக்கண்ணு ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். பத்து மணிக்கு முதல்வர் வெளியே வந்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டார். தாளை வாங்கி நின்றபடியே படித்தார். பையனை மாற்றிவிடுகிறேன் என்றார்.

"இவன ஒருத்தன மட்டுந்தானா?" என்று கேட்கச் சொன்னாள் அம்மாக்கண்ணு. "அந்த வகுப்புல மத்தவங்க தாளையும் பாத்தாரான்னு கேளு."

பவளம் கேட்டாள். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம் என்றார்.

"எந்த நாளுன்னு கேளுடி" என்றாள் அம்மாக்கண்ணு.